மூலைக் கைமரத்தின் கணிதம்

கல்முனைக் கரையூர்களின் ஓட்டு வீடுகளில் நாற்புறமும் சரியும் கூரை அமையுமிடத்து, முகட்டிலிருந்து சுவர் மூலைக்கு இறங்கும் மூலைக் கைமரத்தின் நீளத்தை, மரத்தில் வாள் படுமுன்னரே ஓடாவி தரையில் நூலும் மூலைமட்டமும் கொண்டு வரைந்து அறியலாம். சாதாரணக் கைமரத்தின் கிடைத்தூரமான 8 அடியைப் பக்கமாகக் கொண்ட சதுரத்தின் கர்ணத்தை அடிப்பக்கமாகவும், முகட்டின் 6 அடி உயரத்தைச் செங்குத்தாகவும் வைத்து முக்கோணம் அமைத்தால், சாதாரணக் கைமரம் 10 அடியாயிருக்க, மூலைக் கைமரம் ஏறக்குறைய 12 அடி 10 அங்குலமென்று அச்சித்திரமே சொல்லும், வெட்டுக் கோணமும் அதிலேயே கிடைக்கும், வர்க்கமூலம் வேண்டியதில்லை.

கண்டிக்கருகே எம்பெக்கே தேவாலயத்தில் 26 கைமரங்களை ஒன்றாய்ப் பிணைக்கும் ஒற்றை மர ஆணியை எல்லோரும் வியப்பர். எமக்கோ, அத்தனை மரங்களும் அவ்விடத்தில் வந்து கூடுமாறு கோணங்களை முன்கூட்டியே நிர்ணயித்த சாமர்த்தியமே பேரதிசயமாகத் தோன்றுகிறது.