வரைபடம் திறந்தால் வருமானம் பெருகும்

கன்னியாகுமரி மாவட்டத்தில் எந்த ஊரில் நின்றாலும் கடல் 80 கிலோமீட்டருக்குள்தான் இருக்கும். இந்திய நில அளவைத் துறையின் பழைய விதிப்படி, நாட்டின் எல்லையையும் கடற்கரையையும் ஒட்டி ஏறத்தாழ அதே அகலத்துக்கு விரிவான வரைபடங்கள் கட்டுப்பாட்டில் இருந்தன. பேச்சிப்பாறை அணை, தோவாளை வயல்கள், நாஞ்சில் நாட்டுக் குளங்கள் என மாவட்டம் முழுவதும் இந்தப் பூட்டுக்குள் அடங்கியது.

பூட்டு மெல்லத்தான் திறந்தது. 2005இல் பொதுமக்களுக்கென்று தனி வரைபட வரிசை அறிவிக்கப்பட்டது. 2017இல் அவற்றை இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ள வழி வந்தது. 2021 பிப்ரவரி 15 அன்று வெளியான வழிகாட்டுதல்கள், இந்தியர்கள் முன் அனுமதி இல்லாமலே வரைபடத் தரவுகளைத் திரட்டவும் பயன்படுத்தவும் இடம் கொடுத்தன.

தரவு திறந்திருந்தால் யாருக்கு என்ன லாபம்? குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் துறைமுகங்களில் விடை கிடைக்கும். ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற மத்திய அரசின் கடல் தகவல் மையம், மீன் கிடைக்க வாய்ப்புள்ள இடங்களை வரைபடமாகவும் பட்டியலாகவும் இலவசமாக வெளியிடுகிறது. செயற்கைக்கோள்கள் கடல் மேற்பரப்பின் வெப்பத்தையும் நீரின் பச்சையத்தையும் அளக்கின்றன. குளிர்ந்த நீரும் சூடான நீரும் சந்திக்கும் இடத்தில் சத்துகள் சேர்ந்து நுண்பாசி பெருகும். அதைத் தேடிச் சிறுமீன் வரும், சிறுமீனைத் தேடிச் சூரை வரும். பட்டியலின் ஒவ்வொரு வரியிலும் கரையின் பெயர், திசை, பாகை, தொலைவு, ஆழம், அட்சரேகை, தீர்க்கரேகை இருக்கும். மீனைத் தேடி அலையும் நேரம் குறைந்தால் டீசல் மிச்சம். தேசியப் பயன்முறைப் பொருளாதார ஆய்வுக் குழு 2010இல் கணித்தபடி, இந்தச் சேவையால் நாட்டுக்குக் கிடைக்கக்கூடிய நிகர நன்மை ஆண்டுக்கு 34,000 கோடி முதல் 50,000 கோடி ரூபாய் வரை.

தரவு இருந்தால் மட்டும் போதாது, உரியவர் கைக்கு அது போய்ச் சேர வேண்டும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது தூத்தூர் வட்டார ஆழ்கடல் படகுகள் கைபேசிச் சமிக்ஞை எட்டாத தொலைவில் இருந்தன. எச்சரிக்கை அவற்றில் இருந்தவர்களை எட்டவில்லை. அந்தப் பாடத்துக்குப் பிறகு, செயற்கைக்கோள் வழியாக எச்சரிக்கையையும் மீன்வளத் தகவலையும் படகுக்கு அனுப்பும் ஜெமினி கருவி 2019இல் வந்தது. ஆனால் அதில் தகவல் பெறலாம், பதில் அனுப்ப முடியாது.

தரவைத் திறந்தால் பயன் பெருகும் என்றே உலக அனுபவமும் சொல்கிறது. டென்மார்க் 2002இல் முகவரித் தரவுகளைப் பொதுவாக்கியது. 2005 முதல் 2009 வரை கிடைத்த நன்மை சுமார் 6.2 கோடி யூரோ, செலவு சுமார் 20 லட்சம் யூரோ. அமெரிக்கா லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களை 2008இல் இலவசமாக்கியது. 2017ஆம் ஆண்டில் மட்டும் அவற்றின் பயன்மதிப்பு 345 கோடி டாலர் என்று மதிப்பிடப்பட்டது. விலை வைத்து விற்றிருந்தால் இதில் ஒரு துளிதான் அரசுக் கருவூலத்துக்கு வந்திருக்கும். பலர் எடுத்துப் பலவிதமாகப் பயன்படுத்தியதால்தான் இந்த மதிப்பு.

நாஞ்சில் நாட்டுக்கு இனி வேண்டியது நிலத்தின் கணக்கு. பட்டாவையும் புலப்படத்தையும் சர்வே எண் கொடுத்து இணையத்தில் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். அது நிலம் வாங்குபவருக்குப் போதும். ஆனால் 2021 நவம்பர் வெள்ளம் போல மறுபடியும் வந்தால் தண்ணீர் எந்தக் குளத்தில் நிறைந்து எந்த ஓடையில் வழியும் என்று கணிக்க, குளங்களின் எல்லை, கால்வாய், மடை, நிலமட்டம் ஆகியவை ஒரே தொகுப்பாக வேண்டும். உரிமையாளர் பெயரை நீக்கிவிட்டு மற்றதை அப்படியே வெளியிடலாம். நாகர்கோவில் கல்லூரி மாணவரும் பாசன சங்கத்து விவசாயியும் அதை எடுத்துப் பயன்படுத்துவார்கள். ஆக்கிரமிப்பும் ஊர் கண்ணுக்குத் தெரிந்துவிடும். அளந்ததற்கான கூலியை மக்கள் வரிப்பணமாக ஏற்கெனவே கொடுத்துவிட்டார்கள். அளவையும் அவர்களிடம் கொடுப்பதே நியாயம், லாபமும் அதில்தான்.