உள்ளே செல்லும் கண் - 14: நண்டு தந்த யோசனை

இரைப்பையின் உட்சவ்வில் ஆரம்பநிலையில் இருக்கும் புற்றுக்கட்டியை, வயிற்றைக் கிழிக்காமல், வாய்வழியே எண்டோஸ்கோப்பைச் செலுத்தி உரித்தெடுக்கும் முறையை ஜப்பானிய மருத்துவர்கள் 1990-களின் பிற்பகுதியில் கொண்டுவந்ததைச் சென்ற வாரம் பார்த்தோம். இவ்வளவு நல்ல முறை ஏன் எல்லா ஊர்களுக்கும் சீக்கிரம் வந்து சேரவில்லை?

மருத்துவரின் கைகளைக் கவனித்தால் விடை தெரியும். இடது கை, எண்டோஸ்கோப்பின் பிடியில் உள்ள திருகுகளைத் திருப்பி, குழாயின் நுனியை வளைத்துக்கொண்டிருக்கும். வலது கை குழாயைத் தள்ளும், இழுக்கும், முறுக்கும். கத்தி அதே குழாய்க்குள்ளிருந்துதான் வெளியே நீளும். அதைப் பக்கவாட்டில் நகர்த்தினால் கேமராவும் கூடவே நகர்ந்துவிடும்.

கட்டிக்கு அடியில் ஊசியால் திரவம் செலுத்தி, அதை மேடாக்கி, சுற்றிலும் கீறி, பிறகு அடிப்பக்கமாக அறுத்துக்கொண்டே போக வேண்டும். திறந்த அறுவை சிகிச்சை என்றால் ஒரு கை சதையைத் தூக்கிப் பிடிக்கும், மறு கை அறுக்கும். இங்கே தூக்கிப் பிடிக்க எதுவும் கிடையாது. உரிந்த சவ்வு மடிந்து விழுந்து, அறுக்கும் இடத்தை மறைக்கும். இரைப்பைச் சுவரின் கனமோ சில மில்லிமீட்டர்தான். கத்தி கொஞ்சம் ஆழமாக இறங்கினால் ஓட்டை விழுந்துவிடும். அதனால்தான் இதில் தேர்ச்சி பெறப் பல ஆண்டுகள் ஆகின்றன.

2004-ல் சிங்கப்பூரில் ஒரு விருந்து. குடல்நோய் மருத்துவர் லாரன்ஸ் ஹோ, நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகப் பொறியாளர் லூயிஸ் ஃபீ, ஹாங்காங்கின் அறுவை மருத்துவர் சிட்னி சுங் ஆகியோர் அதில் இருந்தார்கள். மேசையில் அந்த ஊரின் புகழ்பெற்ற சில்லி நண்டு. நடுவில் கண், இருபுறமும் கொடுக்கு என்ற நண்டின் அமைப்பையே பின்பற்றலாம் என்ற யோசனையைச் சுங் சொன்னார்.

அதிலிருந்து பிறந்ததுதான் ‘மாஸ்டர்’ என்ற ரோபோ. எண்டோஸ்கோப்பின் நுனியில் இரண்டு குட்டிக் கைகள். ஒன்று சவ்வைப் பற்றித் தூக்கும். மற்றது மின்சாரக் கொக்கியால் அறுக்கும். சைக்கிள் பிரேக் கம்பியைப் போல, உறைக்குள் ஓடும் மெல்லிய கம்பிகள் அந்தக் கைகளை இயக்குகின்றன. ஒரு மருத்துவர் நோயாளியின் அருகில் நின்று குழாயைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் திரையைப் பார்த்தபடி இரு கைகளாலும் ரோபோவை ஓட்டுகிறார்.

மனிதர்களிடம் இதன் முதல் சோதனை நம் நாட்டிலும் நடந்தது என்பது பெருமைக்குரிய செய்தி. ஐதராபாத்தில் டாக்டர் நாகேஸ்வர ரெட்டியும் ஹாங்காங்கில் டாக்டர் பிலிப் சியுவும் அதில் பங்கேற்றார்கள். 5 நோயாளிகள், ஐவருக்கும் கட்டி முழுமையாக அகற்றப்பட்டது, ஒருவருக்கும் இரைப்பையில் ஓட்டை விழவில்லை. முடிவுகள் 2012-ல் வெளியாயின. ஐந்து பேரை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாதுதான். ஆனால், ஒரு சில வல்லுநர்களிடம் மட்டும் இருக்கும் கைத்திறனைப் பல மருத்துவர்களுக்குக் கொண்டுசெல்ல இதைவிட நேரான வழி எனக்குத் தெரியவில்லை.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். எத்தனை கைகள் வந்தாலும், ஆழமாக வேர்விடாத கட்டியைத்தான் இப்படி உரித்தெடுக்க முடியும். சென்னையில் ஆண்களைத் தாக்கும் முன்னணிப் புற்றுநோய்களில் இரைப்பைப் புற்றுநோயும் ஒன்று. நாற்பதைத் தாண்டியவர்களுக்குத் தீராத அஜீரணம், காரணமில்லாத எடைக்குறைவு, கறுப்பாக மலம் போவது ஆகியவற்றில் எது இருந்தாலும் ‘கேஸ்’ மாத்திரையோடு நிறுத்திவிடாதீர்கள். மருத்துவரைப் பார்த்து, எண்டோஸ்கோப்பி தேவையா என்று கேளுங்கள்.

(தொடரும்)