கேட்பவர் உள்ளமும் சொல்லின் அழுத்தமும்

மெய்யியலாளர் அல்கிந்தி ஒருமுறை இலக்கண அறிஞர் அபுல் அப்பாஸிடம் சென்று, அரபியரின் பேச்சில் வீண்சொற்கள் மலிந்துள்ளன என்று குறைகூறினாராம். 'அப்துல்லாஹ் நிற்கிறார்' என்கிறார்கள்; 'இன்ன' என்னும் இடைச்சொல்லை முன்னே வைத்து, 'திண்ணமாக அப்துல்லாஹ் நிற்கிறார்' என்கிறார்கள்; அதனோடு 'லாம்' எழுத்தையும் சேர்த்து, 'திண்ணமாக அப்துல்லாஹ் நிற்கவே செய்கிறார்' என்கிறார்கள். மூன்றுக்கும் பொருள் ஒன்றுதானே என்பது அவர் வாதம். பொருள் ஒன்றன்று என்றார் அபுல் அப்பாஸ். முதலாவது, வெறும் செய்தி. இரண்டாவது, வினவியவனுக்கு விடை. மூன்றாவது, மறுத்தவனுக்கு மறுமொழி.

இந்நிகழ்ச்சியைத் தம் 'தலாயிலுல் இஃஜாஸ்' நூலில் பதிவு செய்தவர் அப்துல் காஹிர் அல்ஜுர்ஜானி (மறைவு: ஹிஜ்ரி 471 / கி.பி. 1078). பேச்சின் சிறப்பு தனிச்சொல்லின் இனிமையில் இல்லை, சொற்கள் ஒன்றோடொன்று இயைந்து நிற்கும் அமைப்பிலேயே உள்ளது என்பது அவர் கோட்பாடு. அவ்வமைப்பை 'நழ்ம்' என்றார். ஓர் இடைச்சொல் கூட அங்கே காரணமின்றி அமர்வதில்லை. தமிழில் தேற்ற ஏகாரம் ஆற்றும் பணியை எண்ணிப் பார்ப்போர்க்கு இது எளிதில் விளங்கும்.

பின்வந்த ஸக்காக்கியும் (மறைவு: 1229), கத்தீப் அல்கஸ்வீனியும் (மறைவு: 1338) இதனை முறைப்படுத்தினர். கேட்போர் மூவகையினர்: முன்கருத்து ஏதுமற்றவர், ஐயுறுபவர், மறுப்பவர். முதல்வருக்கு அழுத்தம் வேண்டா. இரண்டாமவருக்கு ஓர் அழுத்தம் நன்று. மூன்றாமவருக்கு அவரது மறுப்பின் அளவுக்கு அழுத்தம் கட்டாயம். சூழல் வேண்டும் வண்ணம் பேசுதலே 'பலாகா' எனப்படும் சொல்வன்மை. தமிழர் அவையறிதல் என்பது இதற்கு மிக நெருங்கியது.

இதற்குப் பெரிதும் எடுத்துக்காட்டப்படுவது திருக்குர்ஆனின் 'யாஸீன்' அத்தியாயம். ஓர் ஊருக்கு அனுப்பப்பட்ட தூதர்கள் தம்மை அறிவிக்கும் 14ஆம் வசனத்தில் 'இன்ன' மட்டுமே வருகிறது. ஊரார் அவர்களைப் பொய்யர் என்று கடுமையாக மறுத்த பின்னர், 16ஆம் வசனத்தில் அதே கூற்று 'இன்ன', 'லாம்' இரண்டோடும் வருகிறது. தங்கள் இறைவன் அறிவான் என்ற, ஆணைக்கு நிகரான தொடரும் முன்னே நிற்கிறது. மறுப்பு ஏற ஏற, மொழியும் ஏறுகிறது.

நம் மேடைகளிலோ, எவரும் மறுக்காத செய்திக்குக் கூட ஆணையும் சூளுரையும் இடும் வழக்கம் பெருகியுள்ளது. மறுப்பவனுக்கு உரிய அழுத்தத்தை நம்புகிறவனிடம் செலுத்தினால், அதுவரை இல்லாத ஐயம் அவனுள் எழும். எழுத்துக்கும் இது பொருந்தும். எழுதுகிறவர் படிப்பவரின் முகத்தைக் காண்பதில்லையாதலால், அங்கு இடர் இன்னும் மிகுதி.

ஆயினும், மேற்சொன்ன விதியை வேண்டுமென்றே மீறும் இடங்களும் உண்டு. பலாகா அறிஞர்கள் மிகவும் சுவைத்துப் பேசுவது அவற்றைத்தான். 'முஃமினூன்' அத்தியாயத்தின் 15ஆம் வசனம் மனிதர் இறப்பர் என்பதை 'இன்ன', 'லாம்' என்னும் ஈரழுத்தங்களோடு கூறுகிறது. மரணத்தை மறுப்பார் எவருமில்லை. அடுத்த வசனம் மறுமையில் எழுப்பப்படுவதைக் கூறுகிறது. அதை மறுப்போர் பலர் இருந்தும், அங்கே 'இன்ன' ஒன்றே உள்ளது. கஸ்வீனி தரும் விளக்கம் இது: எழுப்பப்படுவதற்கான சான்றுகள் தெளிவானவை, சிந்திப்பவருக்கு மிகுந்த அழுத்தம் தேவையில்லை. மரணத்தை வாயால் ஒப்புக்கொள்ளும் மனிதரோ, தமக்கு அது வாராதது போல் வாழ்கின்றனர். ஆகவே, மறுப்பவரிடம் பேசுவது போல அவர்களிடம் பேசப்பட்டது.