ஸ்டாம்ப் பேப்பர்ல கையெழுத்துப் போடலாமா? வேலையில அடிபட்டா வக்கீல் எப்போ தேவை

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறோம்.)

இன்னைக்கு எங்க ஊர்க் கதை. காடாம்புலியூர். பண்ருட்டி பக்கம். நீங்க சென்னையில வாங்குற முந்திரிப் பருப்புல கொஞ்சமாவது எங்க ஊர்ப் பொம்பளைங்க கை பட்டிருக்கும். கொட்டையை உடைச்சு, தோல் உரிச்சு, தரம் பிரிக்கிற வரைக்கும் எல்லாமே கைவேலைதான். அந்த எண்ணெய் பட்டுப் பட்டு விரல் நுனி கறுத்துப்போய் இருக்கும்.

2022 மே மாசம் எங்க மாமாவுக்கு, அதாவது அம்மாவோட தம்பிக்கு, ஒரு முந்திரி கம்பெனியில கன்வேயர் பெல்ட்டுல கை மாட்டிக்கிச்சு. வலது கையில ரெண்டு விரல் போச்சு. அப்போ அவருக்கு வயசு 40, மாசச் சம்பளம் 12,000 ரூபாய். கையில ரொக்கமாத்தான் தருவாங்க. பே ஸ்லிப் எல்லாம் கிடையாது.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போன சூப்பர்வைசர் வழியிலேயே சொல்லிட்டாரு: "வீட்டு மோட்டார்ல மாட்டிக்கிச்சுன்னு சொல்லுங்க, இல்லன்னா போலீஸ், கேஸுன்னு அலையணும்." மாமாவும் வலியில அப்படியே சொல்லிட்டாரு. ஆஸ்பத்திரியில விபத்துப் பதிவேடுன்னு ஒண்ணு எழுதுவாங்க. நம்ம ஊர்ல ஏ.ஆர். காப்பின்னு சொல்றது அதைத்தான். அதுல "வீட்டில்"னு பதிவாயிடுச்சு. இந்த ஒரு வார்த்தைதான் பின்னாடி எங்களை வக்கீல்கிட்ட கொண்டுபோய் விட்டுச்சு.

ரெண்டு வாரம் கழிச்சு முதலாளி 40,000 ரூபாயோட ஸ்டாம்ப் பேப்பர் ஒண்ணு கொடுத்து அனுப்பினாரு. 'இனி எந்தப் பாக்கியும் இல்லை'ன்னு அதுல எழுதியிருந்துச்சு. மாமா எனக்கு போன் பண்ணி, "மாப்ள, போட்டுடவா? உங்க அத்தையும் அங்கதான வேலை பாக்குறா"ன்னாரு. எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. ரெண்டு நாள் டைம் கேளுங்க மாமான்னேன்.

முதல்ல பாக்க வேண்டியது இ.எஸ்.ஐ. சம்பளத்துல இ.எஸ்.ஐ. பிடிச்சிருந்தா பாதை வேற. இழப்பீடு அந்தக் கழகத்துகிட்டதான் கேக்கணும், முதலாளிகிட்ட தனியா இழப்பீட்டு வழக்குப் போட முடியாது. அந்த வேலையில பெரும்பாலும் ஃபாரம்தான், வக்கீல் வேண்டியதில்ல. மாமாவுக்கு இ.எஸ்.ஐ. இல்ல. அதனால 1923-ஆம் வருஷத்து ஊழியர் இழப்பீட்டுச் சட்டம். (2025 நவம்பர் 21-லிருந்து இந்த விஷயமெல்லாம் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள்ள போயிடுச்சு. மாமா விபத்து அதுக்கு முன்னாடிங்கறதால பழைய கணக்கையே சொல்றேன்.)

கணக்கு ஒண்ணும் மர்மம் இல்ல. மாசச் சம்பளத்துல 60 சதவீதம், 7,200. வயசுக்குன்னு ஒரு எண் அட்டவணையில இருக்கு, 40 வயசுக்கு 184.17. பெருக்கினா 13,26,024. ஒரு கையில ரெண்டு விரல் போனா வருமானச் சக்தியில 20 சதவீத இழப்புன்னு சட்டமே எழுதி வெச்சிருக்கு. அப்போ 2,65,204 ரூபாய். அவங்க நீட்டினது 40,000. ஒரு மாசத்துக்குள்ள கொடுக்கலன்னா 12 சதவீதம் வட்டி. சரியான காரணம் இல்லாம இழுத்தா, தொகையில பாதி வரைக்கும் அபராதமும் போடலாம். கால்குலேட்டரை ரெண்டு தடவை தட்டிப் பாத்தேன்.

இந்தக் கணக்கை முதலாளி ஒத்துக்கிட்டா வக்கீலே வேண்டாம்னுதான் நான் சொல்லுவேன். தொழிலாளர் துறை ஆணையர் முன்னாடி நீங்களே மனு போடலாம், தொழிற்சங்க ஆள் உங்களுக்காக ஆஜராகலாம். "இவரு எங்ககிட்ட வேலையே பாக்கல", "சம்பளம் ஆறாயிரம்தான்", "விபத்து வீட்டுல நடந்தது", இதுல ஏதாவது ஒண்ணு வந்துச்சுன்னா தனியாப் போகாதீங்க. குறுக்கு விசாரணையில நம்ம மாமா மாதிரி ஆளு ரெண்டாவது கேள்வியிலேயே "ஆமாங்கய்யா"ன்னு தலையாட்டிடுவாரு.

சதவீதத்துலயும் வாதாட இடம் இருக்கு. 1968-ல ஒடிசாவுல ஒரு சினிமா தியேட்டர்ல வேலை பாத்த தச்சர் கீழ விழுந்து இடது கையை இழந்தாரு. ஒரு கையை வெச்சுத் தச்சு வேலை செய்ய முடியாது, அதனால இழப்பு நூறு சதவீதம்னு உச்ச நீதிமன்றம் ஏத்துக்கிச்சு. ஸ்ரீனிவாச சபதா வழக்கு அது. இப்படி ஒரு தீர்ப்பு இருக்குன்னு நமக்கு எப்படித் தெரியும்? வக்கீலுக்குத்தான் தெரியும்.

பயமே ஃபீஸ்தான், இல்லையா? "வர்றதுல நூத்துக்கு இருபது கொடுங்க"ன்னு கேட்டா எழுந்து வந்துடுங்க. ஜெயிச்சா பங்குன்னு பேசுறது பார் கவுன்சில் விதிப்படியே தப்பு. சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 1987 படி தொழிற்சாலைத் தொழிலாளி, பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர் இவங்களுக்கெல்லாம் வருமானம் பாக்காமலே இலவச வக்கீல் உண்டு. கடலூர் கோர்ட்டுல மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கு. போன் நம்பர் 15100. நாங்க நேர்லயே போனோம்.

அங்க கொடுத்த வக்கீல் அம்மா முதல்ல கேட்டது செல்போனை. கம்பெனி வாட்ஸ்அப் குரூப்ல, விபத்துக்கு மறுநாள் அதே சூப்பர்வைசர் ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டிருந்தாரு: "நேத்து நடந்த மாதிரி ஆயிடக் கூடாது, பெல்ட்டை நிறுத்திட்டுத்தான் கை வைக்கணும்." அந்தம்மா அதை மூணு தடவை கேட்டுட்டு, "இதை அழிச்சிடாதீங்க"ன்னாங்க. ஸ்டாம்ப் பேப்பர் பத்தியும் கேட்டோம். ஆணையர்கிட்ட பதிவு பண்ணாத ஒப்பந்தத்தை வெச்சு முழுத்தொகை கொடுக்குற பொறுப்புல இருந்து முதலாளி தப்பிக்க முடியாதாம். அதனால ஏற்கெனவே கையெழுத்துப் போட்டவங்களும் போய்க் கேளுங்க. மனு போட ரெண்டு வருஷம் டைம், அதை மட்டும் விட்டுடாதீங்க.

எங்க பக்கத்துல நெய்வேலியில 2020 மே 7-லயும் ஜூலை 1-லயும் அனல்மின் நிலையத்துல கொதிகலன் வெடிச்சுது. ஒப்பந்தத் தொழிலாளிங்க செத்துப்போனாங்க. டிவியில வந்துச்சு, நிவாரணம் அறிவிச்சாங்க. ரெண்டு விரலுக்கு யாரும் கேமரா தூக்கிட்டு வரமாட்டாங்க. அதுக்குக் காகிதம்தான் வேணும்.

மாமா கேஸ் சாட்சி விசாரணைக்குப் போகவே இல்ல. வாய்ஸ் மெசேஜைத் தாக்கல் பண்ணதும் எதிர்த்தரப்பு பேச வந்துட்டாங்க. ஆணையர் முன்னாடியே 2,40,000-க்கு முடிஞ்சுது. வட்டியோட சேத்தா இன்னும் வந்திருக்கும், வக்கீல் அம்மாவும் அதைத்தான் சொன்னாங்க. மாமாதான் "போதும் மாப்ள"ன்னுட்டாரு.

மனு போட்ட வாரமே அத்தையை வேலைக்குக் கூப்பிடுறதை நிறுத்திட்டாங்க. அஞ்சு மாசம் சும்மா இருந்தாங்க. இப்போ வேற கம்பெனியில தோல் உரிக்கிறாங்க, தினமும் ரெண்டு பஸ் மாறிப் போகணும்.