மான் வேட்டைக்கு நேர்சுவர்த் தோட்டா

வழக்கமான ரைஃபிள் தோட்டாவின் பித்தளை உறை, புட்டியைப் போலக் கழுத்தில் ஒடுங்கியிருக்கும். பருத்த உடலில் நிறைய வெடிமருந்து, ஒடுங்கிய வாயில் மெல்லிய குண்டு. அதனால்தான் அது வெகுதூரம் பாய்கிறது. நேர்சுவர்த் தோட்டாவுக்கு அந்தக் கழுத்தே கிடையாது. அடியிலிருந்து வாய்வரை சாக்பீஸ் போல நேராக இருக்கும். குண்டு தடித்தது, வேகம் குறைவு. அந்த வேகமும் காற்றில் சீக்கிரம் தணிந்துவிடும்.

இந்தக் குறைதான் அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் அதற்கு இடம் வாங்கித் தந்தது. சோளமும் சோயாவும் விளையும் அந்தச் சமவெளியில், வயல்களுக்கு நடுவே வீடுகள். குறி தவறிய குண்டைத் தடுக்கக் குன்றோ மேடோ இல்லை. எனவே ஒஹாயோவிலும் தென் மிச்சிகனிலும் வெண்வால் மானைச் சுட, தோளைப் பதம் பார்க்கும் ஷாட்கன்னே நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. 2014-இல் இரண்டும் நேர்சுவர்த் தோட்டாவுக்கு வழிவிட்டன. ஐயோவா 2017-இல் சேர்ந்துகொண்டது.

பெரும்பாலோர் தடுமாறுவது இரண்டு தோட்டாக்களுக்கு இடையில். .450 புஷ்மாஸ்டர் 250 கிரெயின் எடையுள்ள குண்டை நொடிக்குச் சுமார் 2,200 அடி வேகத்தில் தள்ளும். தோளிலும் பலமாக உதைக்கும். வின்செஸ்டர் 2019-இல் வெளியிட்ட .350 லெஜண்டின் குண்டு 150 கிரெயின்தான். வேகம் சுமார் 2,300 அடி, உதைப்பு மிகக் குறைவு. 100 கெஜத்துக்குக் குறி சரிசெய்தால், 200 கெஜத்தில் இரண்டுமே ஏறத்தாழ ஒரு சாண் தாழ்ந்து விழும். மானுக்கு .350 போதும். உதைப்புக்கு அஞ்சுபவர் விசையை இழுக்கும் கணத்தில் கண்ணை மூடிவிடுவார். நெஞ்சுக்கூட்டில் பட வேண்டிய குண்டு வயிற்றில் படும். அந்த மான் உடனே சாகாது, புதருக்குள் ஓடி மணிக்கணக்கில் துடிக்கும். பெரிய தோட்டாவின் பலம் அங்கே யாருக்கும் பயன்படாது.

அமெரிக்க ராணுவம் 1873-இல் ஏற்ற .45-70 நேர்சுவர்த் தோட்டா இன்றும் நன்றாக வேலை செய்கிறது. ஆனால் மிச்சிகன் 2014-இல் வகுத்த விதி, உறையின் நீளம் 1.16 முதல் 1.80 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும் என்றது; .45-70-இன் உறையோ 2.1 அங்குலம். ஆகவே வாங்குமுன் அந்த ஆண்டின் மாநில விதியைப் பார்த்துவிட வேண்டும்.

துப்பாக்கியின் வகையும் கணக்கில் வரும். .350, .450 இரண்டும் உறையின் வாய்விளிம்பு அறைக்குள் முட்டி நிற்பவை. போல்ட் ரைஃபிளுக்கு ஏற்றவை. ரெமிங்டனின் .360 பக்ஹாமருக்கு அடியில் வெளிநீட்டிய விளிம்பு உண்டு. நெம்புகோல் ரைஃபிளை விரும்புவோருக்கு அதுவே வசதி.