காட்டுக்குப் போன பிள்ளைக்குக் காய்ச்சலா?

டாக்டர், என்ஜினியர் என்றே இருந்த நம் வீடுகளில் இப்போது உயிரியல் படித்துவிட்டு, கோடையில் வனவிலங்கு ஆய்வுக் குழுக்களோடு காட்டுக்குப் போகும் பிள்ளைகளையும் பார்க்கிறோம். விலங்குகளுக்கு ரேடியோ கழுத்துப்பட்டை மாட்டுவது, கேமரா பொருத்துவது, எலிகளைப் பொறி வைத்துப் பிடித்து எண்ணுவது என்று பல வேலைகள். தங்குவது கூடாரத்திலோ பழைய மரக்குடிலிலோ. பெரும்பாலும் செல்போன் எட்டாத இடங்கள்.

பெற்றோராகிய நமக்கு உடனே வரும் பயம் கரடி. நாம் மறந்துவிடுவது கிருமியை.

அரிசோனாவின் கிராண்ட் கேன்யன் தேசியப் பூங்காவில் மலைச்சிங்கங்களை ஆராய்ந்தவர் எரிக் யார்க். 2007 அக்டோபர் இறுதியில், அவர் கண்காணித்து வந்த ஒரு மலைச்சிங்கம் இறந்து கிடந்தது. காரணம் அறிய அதன் உடலைக் கொண்டுவந்து, பாதுகாப்புக் கவசங்கள் இல்லாமல் தம் வீட்டுக் கார் கொட்டகையில் அறுத்துப் பார்த்தார். சில நாட்களில் காய்ச்சல் கண்டது. மருத்துவரிடம் போனார், ஃப்ளூ போன்ற நோய் என்று கருதி வீட்டுக்கு அனுப்பப்பட்டார். நவம்பர் 2 அன்று வீட்டில் இறந்து கிடந்தார். வயது 37. சிங்கத்தைக் கொன்ற பிளேக் கிருமிதான் அவரையும் கொன்றது.

பிளேக்குக்கு ஆன்டிபயாட்டிக் மருந்து உண்டு. ஆனால் நுரையீரலைத் தாக்கும் வகைக்கு, அறிகுறி தோன்றிய 24 மணி நேரத்துக்குள் மருந்தைத் தொடங்க வேண்டும். தொடக்கத்திலோ அது சாதாரணக் காய்ச்சல் போலத்தான் இருக்கும்.

இன்னும் இரண்டு நோய்களும் இப்படித்தான் வேஷம் போடுகின்றன.

ஹான்டா வைரஸ்: 1993-ல் அமெரிக்காவின் தென்மேற்குப் பகுதியில் பலரின் நுரையீரலைத் தாக்கியது. மான் எலி எனப்படும் காட்டெலியின் சிறுநீர், புழுக்கை கலந்த தூசியைச் சுவாசிப்பதால் வருகிறது. 1 முதல் 8 வாரங்கள் கழித்தும் காய்ச்சலும் உடல்வலியும் தொடங்கலாம். பூட்டிக் கிடந்த குடிலை உலர்வாகப் பெருக்கக் கூடாது. கதவு, ஜன்னல்களைத் திறந்து வைத்து, கையுறை அணிந்து, 1 பங்கு பிளீச்சுக்கு 9 பங்கு தண்ணீர் கலந்து தெளித்து, 5 நிமிடம் ஊறவிட்டுத் துடைத்தெடுக்க வேண்டும்.

லைம் நோய்: உண்ணிக் கடியால் வருவது. கடித்த 3 முதல் 30 நாட்களுக்குள் தோலில் சிவந்த வட்டம் பரவலாம், எல்லோருக்கும் வருவதில்லை. தினமும் மாலையில் அக்குள், முழங்கால் மடிப்பு, தலைமுடி எல்லாம் பார்க்க வேண்டும். உண்ணி இருந்தால் எண்ணெய் தடவுவது, தீக்குச்சியால் சுடுவது வேண்டாம். சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுத்து எடுக்கலாம்.

இனி நம் பங்குக்கு வருவோம். வேலை முடிந்து ஊர் திரும்பிய மகள், "அம்மா, காய்ச்சலா இருக்கு" என்று போன் செய்தால் நாம் என்ன சொல்கிறோம்? "மிளகு ரசம் வச்சுக் குடி, மாத்திரை போட்டுத் தூங்கு." ரசம் குடிக்கட்டும், தவறில்லை. ஆனால் அதோடு நின்றுவிடக் கூடாது. அன்றே மருத்துவரிடம் போகச் சொல்வோம். அங்கே முதல் வாக்கியமாக அவள் சொல்ல வேண்டியது இது: "நான் வனவிலங்குகளோடு வேலை செய்கிறேன். இன்ன இடத்தில் இருந்தேன். இன்ன விலங்கைத் தொட்டேன்." நகரத்து மருத்துவருக்கு பிளேக்கும் ஹான்டாவும் தாமாக நினைவுக்கு வராது. நாம் சொன்னால்தான் அதற்கான பரிசோதனையை யோசிப்பார்.

பிள்ளை கிளம்பும் முன், அந்த வாக்கியத்தை ஒரு அட்டையில் எழுதிப் பர்ஸில் வைத்துக் கொடுப்போம். வெளவால்களைக் கையாளும் வேலை என்றால், வெறிநாய்க்கடித் தடுப்பூசியை முன்கூட்டியே போட வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்போம்.

போனில் "சாப்பிட்டாயா?" என்று கேட்க நாம் மறப்பதே இல்லை. அதோடு, "இந்த வாரம் எந்த விலங்கைத் தொட்டாய்? கையுறை போட்டிருந்தாயா?" என்றும் கேட்டுப் பழகுவோம்.