ஆயில் எஞ்சினைப் பேணுதலும் ஓய்வுக் காலத்தில் காத்தலும்

வெள்ளம் வருமுன் அணை கோல வேண்டும் என்பது நம் முன்னோர் அனுபவத்தில் கண்ட உண்மை. இம்முதுமொழி ஏரிக்கரைக்கு மட்டும் உரியதன்று. ஏரிக்கரை ஓரத்துக் கொட்டகையில் பூட்டி வைக்கப்பட்டிருக்கும் ஆயில் எஞ்சினுக்கும் உரியதாகும்.

2016-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாள் 'வர்தா' புயல் சென்னைக்கு அருகே கரையைக் கடந்தது. சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டங்களில் ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் சாய்ந்தன. பல ஊர்களில் பல நாட்கள் மின்சாரம் இல்லை. மழை கொட்டித் தீர்த்த பின்னரும் குடிக்கத் தண்ணீர் இல்லாத விந்தையை மக்கள் கண்டனர். ஏனெனில் மேல்நிலைத் தொட்டிக்கு நீரேற்றும் மோட்டார்கள் அனைத்தும் மின்சாரத்தையே நம்பியிருந்தன. 2018 நவம்பர் 16-இல் வீசிய 'கஜா' புயலின்போது காவிரிப் படுகை மாவட்டங்களும் இதே துன்பத்தை அடைந்தன. அத்தகைய நாட்களில் டீசல் எஞ்சின் ஒன்று ஓடும் நிலையில் இருந்தால் ஊருக்கே உயிர் வந்தது போலாகும். ஆனால் இரண்டாண்டுகளாக எவரும் தொடாமல் கிடந்து துருவேறிப் போன எஞ்சின், வெறும் இரும்பேயன்றி எஞ்சின் ஆகாது.

ஆர்.கே.பேட்டை வட்டாரமும் எஞ்சினும்

திருத்தணி மலைக்கு மேற்கே, ஆந்திர எல்லையை ஒட்டி அமைந்தது ஆர்.கே.பேட்டை வட்டாரம். எல்லைத் திருத்தத்தின்படி 1960 ஏப்ரல் 1-ஆம் நாள் திருத்தணிப் பகுதி அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்தது. நெல்லும் கரும்பும் நிலக்கடலையும் இங்கு விளைகின்றன, தறித்தொழிலும் செழித்திருக்கிறது. ஏரியும் கிணறுமே பாசனத்துக்கு ஆதாரம்.

மின்கம்பி எட்டாதிருந்த காலத்தில் ஏற்றத்துக்கும் கவலைக்கும் பதிலாக வந்தது ஆயில் எஞ்சின். பின்னர் மின்சாரம் வந்தது. 1990-ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் விவசாயிகளுக்குப் பம்புசெட் மின்சாரம் இலவசமாக வழங்கப்படுகிறது. ஆகவே எஞ்சினின் வேலை குறைந்துவிட்டது. இன்று அது இரு வகையில் நம்மிடம் இருக்கிறது. ஒன்று, மின் இணைப்பு இல்லாத நிலத்திலும் வறட்சிக் காலத்திலும் மட்டும் ஓடும் விவசாயியின் எஞ்சின். மற்றொன்று, பஞ்சாயத்திலோ தறிக்கூடத்திலோ அவசரத்துக்கென வைத்திருக்கும் ஜெனரேட்டர். இரண்டும் ஆண்டின் பெரும்பகுதியை ஓய்விலேயே கழிக்கின்றன. ஓடித் தேயும் எஞ்சினை விட, ஓடாமல் கெடும் எஞ்சின்களே இக்காலத்தில் கவலைக்குரியவை.

எஞ்சின் இயங்கும் விதம்

ருடால்ப் டீசல் என்ற ஜெர்மானியப் பொறியாளர் 1897-ஆம் ஆண்டில் இவ்வெஞ்சினை வெற்றிகரமாக இயக்கிக் காட்டினார். 1900-ஆம் ஆண்டு பாரிஸ் பொருட்காட்சியில் ஒரு சிறு டீசல் எஞ்சின் நிலக்கடலை எண்ணெயில் ஓடியது என்பது நம் வட்டார விவசாயிகளுக்குச் சுவை பயக்கும் செய்தி. ஆயினும் இதைக் கேட்டு எவரும் தம் எஞ்சினில் கடலை எண்ணெயை ஊற்றிவிட வேண்டாம். அது பிசின் போல் இறுகி நாசிலை அடைத்துவிடும்.

பெட்ரோல் எஞ்சினைப் போல் டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. சிலிண்டருக்குள் இழுக்கப்பட்ட காற்றை, பிஸ்டன் ஏறத்தாழ 16-இல் ஒரு பங்காக அழுத்துகிறது. அவ்வழுத்தத்தினால் காற்று 500 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் சூடேறுகிறது. அத்தருணத்தில் நாசில் வழியே மூடுபனி போலத் தெளிக்கப்படும் டீசல் தானே பற்றி எரிகிறது. அழுத்தம் இல்லையேல் சூடு இல்லை; சூடு இல்லையேல் ஓட்டம் இல்லை. சிலிண்டரின் உட்சுவர், பிஸ்டன் ரிங்குகள், வால்வுகள் ஆகிய மூன்றும் காற்றுக் கசியாமல் இருப்பதே எஞ்சினின் உயிர்நிலை. டீசலைத் தள்ளும் சிறு பம்பில் உள்ள இடைவெளியோ தலைமயிரின் கனத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஒரு துளி நீரும் ஒரு பொடித் துருவும் அங்கே பகைவர்கள்.

அன்றாடக் கவனிப்பு

எஞ்சினை ஓட்டுமுன் ஆயில் மட்டத்தை அளவுகோலால் பார்த்தல், குளிர்விக்கும் நீரின் அளவைப் பார்த்தல், கசிவு உண்டா எனச் சுற்றி நோக்குதல், அடித்தளப் போல்ட்டுகளைச் சரிபார்த்தல் ஆகிய நான்கும் ஐந்து நிமிட வேலை. டீசலை வடிகட்டியே ஊற்ற வேண்டும். பீப்பாயின் அடிமட்டத்திலிருந்து எடுக்கலாகாது. நீரும் வண்டலும் அங்கேதான் தங்கும். மாலையில் வேலை முடிந்ததும் டாங்கியை நிரப்பி வைப்பது நன்று. பாதி காலியான டாங்கியில் இரவுக் குளிரில் காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியும்.

எஞ்சின் ஆயிலைத் தயாரிப்பாளரின் கைப்புத்தகம் கூறும் மணிக்கணக்கின்படி தவறாமல் மாற்ற வேண்டும். காற்றுப் பில்டரைப் புழுதி மிகுந்த கோடையில் அடிக்கடி துடைக்க வேண்டும். சூடான எஞ்சினில் குளிர்ந்த நீரைத் திடீரென ஊற்றினால் சிலிண்டர் தலை வெடித்துவிடும். பளுவோடு ஓடிய எஞ்சினை உடனே நிறுத்தாமல், சில நிமிடம் பளுவின்றி ஓடவிட்டு நிறுத்துதல் முறையாகும்.

புகையின் நிறமும் நோயை உணர்த்தும். கரும்புகை வந்தால் பளு மிகுதி, அல்லது காற்று அடைப்பு, அல்லது நாசில் கோளாறு. நீலப்புகை வந்தால் ரிங் தேய்ந்து ஆயில் எரிகிறது. வெண்புகை வந்தால் டீசல் முழுதும் எரியவில்லை, அல்லது நீர் கலந்திருக்கிறது.

ஓய்வில் கெடுவது ஏன்?

"ஓடாத எஞ்சின் தேயாது" என்று பலர் எண்ணுகின்றனர். இது தவறு. முதலாவதாக, பகல் வெப்பமும் இரவுக் குளிரும் மாறி மாறி வருவதால் எஞ்சினுக்குள் ஈரம் படிகிறது. சிலிண்டர் துருப்பிடித்து ரிங்குகள் ஒட்டிக்கொள்கின்றன. இரண்டாவதாக, பழைய ஆயிலில் எரிபொருளின் கழிவுகளும் அமிலமும் கலந்திருக்கும். அவை பேரிங்குகளை அரிக்கின்றன. மூன்றாவதாக, டாங்கியின் அடியில் தங்கிய நீருக்கும் அதன்மேல் நிற்கும் டீசலுக்கும் இடையே நுண்ணுயிர்கள் வளர்ந்து கொழகொழப்பான பாசியாகப் பில்டரை அடைக்கின்றன. நான்காவதாக, தேங்கிய நீர் குளிர்விக்கும் அறையில் துருவையும் உப்புப் படிவையும் உண்டாக்குகிறது. குளிர் நாடுகளில் இந்நீர் உறைந்து எஞ்சினைப் பிளக்கும் என்பர். நமக்கு அந்த அச்சம் இல்லை. துருவே நம் பகை. இறுதியாக, எலி கூடு கட்டும். குளவி சைலன்சர் குழாயை மண்ணால் அடைக்கும்.

நீண்ட ஓய்வுக்கு ஆயத்தம் செய்யும் முறை

மூன்று மாதத்துக்கு மேல் எஞ்சினுக்கு வேலை இராது என்று தெரிந்தால், ஐப்பசி மழை தொடங்குமுன் கீழ்க்கண்டவற்றை வரிசையாகச் செய்ய வேண்டும்.

1. எஞ்சினின் புறத்தைப் புழுதியும் எண்ணெய்ப் பிசுக்கும் போகத் துடைக்கவும். ஈரத்துடன் விடலாகாது.

2. எஞ்சினை நன்கு சூடேறும் வரை பளுவோடு ஓட்டி நிறுத்தி, சூடு ஆறுமுன் பழைய ஆயிலை முழுதும் வடிக்கவும். சூடான ஆயிலோடு அழுக்கும் வந்துவிடும். ஆயில் பில்டரை மாற்றிப் புதிய ஆயிலை ஊற்றவும். வடித்த ஆயிலை ஏரியிலோ கிணற்றருகிலோ கொட்டலாகாது. மூடிய டின்னில் சேர்த்து, கழிவு ஆயிலை வாங்குவோரிடம் ஒப்படைக்க வேண்டும்.

3. டாங்கியின் அடித்திருகைத் திறந்து நீரையும் வண்டலையும் வடிக்கவும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட ஓய்வானால், சுத்தமான புதிய டீசலால் டாங்கியை விளிம்பு வரை நிரப்பலாம். அதற்கு மேற்பட்டதானால் டாங்கியை முழுதும் காலி செய்து, துருத்தடுப்பு எண்ணெய் கலந்த சிறிதளவு டீசலில் எஞ்சினை ஓட்டி, பம்பிலும் நாசிலிலும் அவ்வெண்ணெய் படியச் செய்ய வேண்டும். பாதி நிரம்பிய டாங்கியே எல்லாவற்றிலும் தீது.

4. புதிய ஆயிலுடன் பத்து நிமிடம் ஓட்டி, அது எல்லாப் பாகங்களிலும் பரவியபின் நிறுத்தவும். சூடு ஆறியதும் குளிர்விக்கும் நீரைக் குழாய், பம்பு, சிலிண்டர் உறை எல்லாவற்றிலிருந்தும் வடித்துவிடவும். ரேடியேட்டரில் துருத்தடுப்புக் கலவை உள்ள ஜெனரேட்டர்களில் அதனை நிரம்பிய நிலையிலேயே வைக்கலாம்.

5. நாசிலைக் கழற்றி, சிலிண்டருக்குள் இரண்டு தேக்கரண்டி சுத்தமான எஞ்சின் ஆயிலை விடவும். பிளைவீலைக் கையால் மெதுவாகச் சில சுற்றுக்கள் சுற்றினால் ஆயில் சுவரெங்கும் படியும். இங்கு மிகுந்த எச்சரிக்கை தேவை. ஆயிலைத் தாராளமாக ஊற்றிவிட்டால், பின்னர் எஞ்சினைக் கிளப்பும்போது பிஸ்டன் அதனை அழுத்த முயலும். காற்று அழுந்தும், திரவம் அழுந்தாது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். கழற்றிய நாசிலைச் சோதிக்கும்போது அதன் முன்னே கையை நீட்டலாகாது. பீச்சும் டீசல் தோலைத் துளைத்து உட்செல்லும்.

6. பிஸ்டனை அழுத்த வீச்சின் உச்சியில் நிறுத்தி வைக்கவும். அந்நிலையில் இரு வால்வுகளும் மூடியிருப்பதால் ஈரக்காற்று சிலிண்டருக்குள் புகாது.

7. காற்றுக் குழாயையும் சைலன்சர் வாயையும் எண்ணெய்த் துணியாலும் தகர மூடியாலும் அடைக்கவும். "அடைப்பு உள்ளது, எடுத்தபின் ஓட்டவும்" என்று எழுதிய அட்டையைப் பிளைவீலில் கட்டவும்.

8. பெல்ட்டைக் கழற்றி மடிப்பின்றி நிழலில் தொங்கவிடவும். வண்ணம் பூசாத இரும்புப் பாகங்களுக்குக் கிரீஸ் தடவவும். பாட்டரியைக் கழற்றி மாதம் ஒருமுறை சார்ஜ் செய்யவும்.

9. எஞ்சினை நீர் தேங்காத மேடான இடத்தில் வைத்து மூடவும். காற்றே புகாதபடி பாலிதீன் தாளால் இறுகக் கட்டினால் உள்ளே வியர்த்துத் துருவேறும். அடிப்புறம் காற்றோட்டம் வேண்டும். உர மூட்டைகளை அதே கொட்டகையில் அடுக்கலாகாது. உரத்தின் உப்பு இரும்பை அரித்துவிடும்.

இவ்வாறு கட்டிவைத்த எஞ்சினை இடையில் இரண்டு நிமிடம் ஓட்டிப் பார்ப்பது தீமையே செய்யும். சூடேறாத ஓட்டம் ஈரத்தை உண்டாக்குமேயன்றிப் போக்காது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஐந்தாம் படியை மட்டும் மீண்டும் செய்தால் போதும்.

அவசர எஞ்சினுக்கு வேறு முறை

பஞ்சாயத்தின் ஜெனரேட்டர் எந்நேரமும் ஆயத்தமாக இருக்க வேண்டியது. அதனைக் கட்டிவைக்க இயலாது. மாதம் ஒருமுறையேனும் அதனை மோட்டாருடன் இணைத்து, பளுவோடு அரைமணி நேரம் ஓட்டித் தொட்டிக்கு நீரேற்றிப் பார்க்க வேண்டும். மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் மின்னோட்டம், ஓடும்போது இழுப்பதைப் போல் பல மடங்கு என்பதால், ஜெனரேட்டரின் திறன் போதுமா என்பதும் அன்றே தெரிந்துவிடும். புயல் நாளில் தெரிந்து பயனில்லை.

உயிரைக் காக்கும் இரு விதிகளை ஒருநாளும் மறக்கலாகாது. முதலாவது, மின்வாரியக் கம்பியைத் துண்டித்து ஜெனரேட்டரை இணைக்கும் மாற்றுச் சுவிட்சு இல்லாமல் ஓட்டக்கூடாது. இல்லையேல் மின்சாரம் கம்பியில் பின்னோக்கிப் பாய்ந்து, எங்கோ கம்பத்தில் பழுது பார்க்கும் ஊழியரைக் கொன்றுவிடும். இரண்டாவது, மூடிய அறையிலோ கிணற்றுக்குள்ளோ எஞ்சினை ஓட்டக்கூடாது. பம்பு ஏழு மீட்டர் ஆழத்துக்கு மேல் நீரை உறிஞ்சுவது அரிது என்பதால், நீர்மட்டம் தாழ்ந்த காலத்தில் எஞ்சினைக் கிணற்றுக்குள் இறக்கி வைப்பது வழக்கமாக இருந்தது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு மணமற்றது. மனிதன் அறியுமுன் மயங்கச் செய்து உயிரைப் போக்கும்.

மீண்டும் ஓட்டும்போது

ஓய்விலிருந்த எஞ்சினை அவசரப்பட்டுக் கிளப்பலாகாது. அடைப்புகளை நீக்கி, எலிக்கூடு உண்டா எனப் பார்க்கவும். ஆயில், நீர் இவற்றைச் சரிபார்த்து, டாங்கியின் அடியிலுள்ள நீரை வடிக்கவும். டீசல் குழாயிலுள்ள காற்றை வெளியேற்றவும். டீசலை நிறுத்தி, டீகம்ப்ரஷன் கைப்பிடியைத் தூக்கியபடி பிளைவீலைக் கையால் பத்துச் சுற்றுச் சுற்றவும்; மிகுதியான ஆயில் வெளியேறும். சக்கரம் அசையாவிடில் பலவந்தம் செய்யாமல் மெக்கானிக்கை அழைக்கவும். எஞ்சின் கிளம்பியபின் ஐந்து நிமிடம் பளுவின்றி ஓட்டி, படிப்படியாகப் பளுவை ஏற்றவும். தொடக்கத்தில் நீலப்புகை வருவது இயல்பு. உள்ளே விட்ட ஆயில் எரிந்ததும் அது அடங்கிவிடும்.

பஞ்சாயத்தின் பொறுப்பு

1994-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் குடிநீர் வழங்குவதை ஊராட்சியின் கடமைகளுள் ஒன்றாக வைத்திருக்கிறது. அக்கடமையை நிறைவேற்றும் கருவி ஓடும் நிலையில் இருக்க வேண்டுவதும் அதனுள் அடங்கும் அன்றோ? எஞ்சினுக்கு ஒரு பதிவேடு வைத்து, ஓட்டிய நாள், மணி, ஆயில் மாற்றிய தேதி, செய்தவர் பெயர் ஆகியவற்றை எழுத வேண்டும். சாவி யாரிடம் இருக்கிறது என்பது குறைந்தது மூவருக்காவது தெரிந்திருத்தல் அவசியம். புரட்டாசி மாதக் கூட்டத்தில் அப்பதிவேட்டை உறுப்பினர்கள் பார்வையிடுவதை வழக்கமாக்கலாம்.

இதற்கெல்லாம் ஆகும் செலவு சில லிட்டர் ஆயிலும் அரைநாள் உழைப்புமே. துருப்பிடித்த எஞ்சினைப் பிரித்துச் சீராக்க ஆகும் செலவோ பல மடங்கு. ஏர்க்கலப்பையை உழவு முடிந்ததும் கழுவித் துடைத்துப் பரண்மேல் வைத்த பழக்கம் நம் குடியானவருக்குப் புதிதன்று. அதே அக்கறையை எஞ்சினுக்கும் காட்டுவோமாயின், கார்த்திகைப் புயலிலும் நம் ஊர்த் தொட்டியில் தண்ணீர் நிற்கும்.